குடியும் படிப்பும்: காவிரிப் படுகையின் கிராமத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரசு கலைக் கல்லூரியில் நான் பொருளியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகள் விடுதிக் காப்பாளராகவும் இருந்தேன். மதுவைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் உடன் பணிபுரிவோரும் என்னிடம் கேட்டவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருந்ததால், அவரவர் கேட்டபடியே அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நீடாமங்கலம், வலங்கைமான், குடவாசல் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வருகிற, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகளை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டன.

“சனிக்கிழமை ராத்திரி மட்டும்தான் சார், அதுவும் ஒரு குவார்ட்டர்தான். அதுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?”

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, ரம் பாட்டில்களின் மேல் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படியானால் அதற்குள் இருக்கும் சுத்தமான மது ஏறத்தாழ 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகைக் குடி என்று வரையறுக்கிறது. “ஒரு குவார்ட்டர்தான்” என்று நீங்கள் சொல்லும் அளவு அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் மதுவைக் கரைக்கும். மோரோ எலுமிச்சைச் சாறோ குளியலோ காபியோ அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. இரவு பத்து மணிக்குக் குடித்து முடித்தால், விடியற்காலை நான்கு மணிக்கு முன்னால் அது உடலை விட்டு நீங்காது. சிலருக்குக் காலை ஏழு மணிகூட ஆகிவிடும்.

அடுத்தது உறக்கம். குடித்தவுடன் தூக்கம் வருவது உண்மைதான், ஆனால் பின்னிரவில் அது துண்டு துண்டாகக் கலைந்துவிடும். கனவு காணும் உறக்கம் குறைந்துபோகும். பகலில் படித்தது நினைவில் பதிவதற்கு நல்ல உறக்கம் தேவைப்படுவதால், சனிக்கிழமை படித்த பாடத்தில் ஒரு பகுதியை அன்றிரவே இழக்கிறீர்கள். மறுநாள் தலைவலியோடு எழும்போது ஞாயிறு பாதி முடிந்திருக்கும். கிராமத்து மாணவருக்கு ஞாயிறு எவ்வளவு அருமையான நாள் என்பதை ஐந்தாம் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

“பீர் குடிச்சா அது சரக்கு கணக்குல வராதுல்ல சார்?”

வரும். 650 மில்லி பாட்டிலில், 8 விழுக்காடு வரை போகும் ஸ்ட்ராங் பீர் என்றால், சுமார் 40 கிராம் மது இருக்கிறது. ஒரு பாட்டில் பீர் குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். இரண்டு பாட்டில் குடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிடும்.

“எங்க செட்டுல குடிக்கிற பசங்கதான் பர்ஸ்ட் கிளாஸ் வாங்குறாங்க. அப்புறம் எப்படி படிப்பு கெடும்னு சொல்றீங்க?”

இந்தக் கேள்வி நியாயமானது. குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் வெறுமனே ஒப்பிட்டால் எதையும் நிறுவ முடியாது, ஏனெனில் இரு சாராரும் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவர்கள். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வகையில் அமைந்த ஓர் ஆய்வு 2011 இல் வெளியானது. அமெரிக்க விமானப் படைக் கழகத்தில் படிப்பவர்கள் 21 வயது நிறைந்தால்தான் சட்டப்படி குடிக்கலாம். எனவே கேரல், ஹோக்ஸ்ட்ரா, வெஸ்ட் என்ற மூன்று பொருளியலாளர்கள், தேர்வுக்குச் சற்று முன்பு 21 ஐத் தொட்டவர்களையும் தேர்வுக்குச் சற்றுப் பின்பு தொட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். சில நாள் வயது வேறுபாட்டைத் தவிர இரு சாராரும் ஒரே மாதிரியானவர்கள். சட்டப்படி குடிக்கும் உரிமை பெற்றவர்களின் மதிப்பெண் குறைந்திருந்தது. அந்தச் சரிவு நன்றாகப் படிக்கும் மாணவர்களிடமே மிகுதியாகத் தெரிந்தது.

ஆகவே உங்கள் நண்பர் முதல் வகுப்பு வாங்குவதால் குடி அவரைப் பாதிக்கவில்லை என்று ஆகிவிடாது. குடிக்காமல் இருந்திருந்தால் அவர் எங்கே நின்றிருப்பார் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம் பிடிக்கக் கூடியவர் 62 விழுக்காட்டோடு வெளியேறும்போது, அவரைத் தவறியவர் என்று யாரும் எண்ணுவதில்லை. அதனால்தான் அந்த இழப்பு யார் கண்ணிலும் படாமலே போகிறது.

“குடிச்சதால அரியர் விழுந்துச்சா, அரியர் விழுந்ததால குடிச்சானா? எதை முதலில் சரிசெய்வது?” (உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் கேட்டது)

இரண்டும் நடக்கின்றன. நான் அடிக்கடி கண்டது இந்த வரிசை: தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நிற்கிறான். வகுப்பில் கேட்க வெட்கப்படுகிறான். நவம்பர் தேர்வில் மூன்று தாளில் தவறுகிறான். ஊரில் “காலேஜ் தம்பி” என்று அழைக்கப்படுபவனுக்கு அந்தச் செய்தியை வீட்டில் சொல்ல வாய் வருவதில்லை. அந்த வேளையில் ஆதரவாகத் தோளில் கைபோடுபவன் கையில் கட்டிங் இருக்கிறது. பிறகு குடி காரணமாக வருகைப்பதிவு குறைகிறது, வருகைப்பதிவு காரணமாக அக மதிப்பெண் குறைகிறது, அடுத்த பருவத்தில் அரியர் பெருகுகிறது.

எதை முதலில் என்றால், இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள் என்பேன். குடியை மட்டும் கண்டித்துவிட்டுப் பாடத்தில் கைகொடுக்காமல் விட்டால், அவனைக் குடிக்கத் தள்ளிய காரணம் அப்படியே இருக்கும். பாடத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால், கேட்பதற்கு அவன் வகுப்பில் இருக்கமாட்டான்.

“டவுன் பசங்க எங்களை விட அதிகமா குடிக்கிறாங்க. அட்வைஸ் மட்டும் ஏன் கிராமத்துப் பசங்களுக்கே?”

கிராமத்துப் பிள்ளைகள் மோசமானவர்கள் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் இல்லை. உங்கள் கையில் மிச்சமாக இருக்கும் நேரம் குறைவு என்பதே காரணம். காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடித்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாப்பிட்டு முடித்தபின் படிப்பதற்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆறு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை முழுதாக உட்கார்ந்தால் இன்னும் ஆறு மணி நேரம். ஆக வாரத்துக்குப் பதினெட்டு. சனிக்கிழமைக் குடி ஞாயிற்றைக் கொண்டுபோனால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கல்லூரிக்குப் பத்து நிமிடத் தொலைவில் வீடு இருப்பவருக்கு அதே ஞாயிறு போனாலும் ஈடுகட்ட மற்ற ஆறு நாளிலும் இடம் இருக்கிறது.

படுகையின் பயிர்க் காலமும் நம் தேர்வுக் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நவம்பரில் பருவத் தேர்வு வரும்போது தாளடி நடவும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வரும். சம்பா அறுவடை பொங்கலை ஒட்டி நடக்கும்போது இரண்டாம் பருவத்தின் அகத் தேர்வுகள் நெருங்கிவிடும். வயலில் ஆள் கிடைக்காத நாளில் அப்பா “ஒரு நாள் நில்லுடா” என்று சொன்னால் நீங்கள் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அபராதம் கட்ட வேண்டும், இன்னும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வையே எழுத முடியாது. வயலுக்குக் கொடுத்தது போக உங்களிடம் இருக்கும் விடுப்பு நாட்கள் மிகச் சில. அவற்றைக் குடித்த மறுநாள் காலைக்குக் கொடுத்துவிட்டால், உண்மையிலேயே வீட்டுக்கு உங்கள் கை தேவைப்படும் நாளில் ஒன்றும் இருக்காது.

பணமும் அப்படித்தான். 2022 முதல் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்ட் முதல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தேர்வுக் கட்டணமும் புத்தகமும் அதிலிருந்துதான் போக வேண்டும். வாரம் ஒரு குவார்ட்டரும் சைடு டிஷ்ஷும் வாங்குபவர் கையில் மாதக் கடைசியில் அந்த ஆயிரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று எழுதிப் பாருங்கள்.

“குடிக்கலன்னா ஊர்ல ஆம்பளையாவே மதிக்க மாட்டேங்குறாங்க. கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்கப் போனாலும் சாயங்காலம் செட்டு சேர்ந்துதான் ஆகணும். எப்படி சார் ஒதுங்குறது?”

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நாள் முழுதும் மூட்டை சுமந்தவர்கள் உடல்வலி தீரக் குடிப்பதை நான் இகழமாட்டேன், அவர்கள் உழைப்பு அவ்வளவு கடினமானது. ஆனால் மாலையில் கூலி பிரிக்கும் இடமும் குடிக்கும் இடமும் ஒன்றாக இருக்கும்போது உங்கள் பங்கு தானாகவே அதில் சேர்ந்துவிடும். கூலியை வாங்கியதும் கிளம்பிவிட வேண்டும். “கடைசி பஸ் போயிடும் அண்ணே” என்பதை யாரும் தட்டிப் பேசுவதில்லை. மாத்திரை சாப்பிடுவதாகப் பொய் சொல்வதைவிட, “நாளைக்குப் பரீட்சை இருக்குண்ணே” என்று உண்மையைச் சொன்னவர்களைப் பெரியவர்களே “படிக்கிற பய, அவனை விடுங்கடா” என்று அனுப்பி வைத்ததாக என் மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர்களில் படிப்புக்கு இன்னும் அந்த மதிப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

“எல்லாரும் குடிக்கிறாங்க” என்று உங்களுக்குத் தோன்றுவதிலும் ஒரு பிழை உண்டு. மற்ற மாணவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் உண்மையைவிடக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1986 இல் எழுதினார்கள். அதன்பின் பல நாடுகளில் இதே முடிவு கிடைத்தது. குடித்தவரின் சத்தம் காதில் விழுகிறது. அறையில் படித்துக்கொண்டிருப்பவர் இருப்பதே தெரிவதில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஆடிப்பெருக்கிலும் திருவிழாவிலும் குடித்துவிட்டுக் கொள்ளிடத்திலோ காவிரியிலோ இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரிவதில்லை. நீந்தத் தெரிந்தவரையும் அவை உள்ளே இழுத்திருக்கின்றன.

“எனக்குப் பழக்கம் இல்லை. ரூம்மேட் குடிக்கிறான். அவன் பாட்டுக்கு அவன், நான் பாட்டுக்கு நான்னு இருக்க முடியாதா?”

நினைப்பதைவிடக் கடினம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் டான் லெவியும் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் குலுக்கல் முறையில் அறைத்தோழர்கள் ஒதுக்கப்பட்டவர்களைப் பார்த்தார்கள். கல்லூரிக்கு வருமுன்பே குடித்துப் பழகிய ஒருவர் அறைத்தோழராக வாய்த்த மாணவர்களின் சராசரி, நான்கு புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ கால் புள்ளி குறைந்திருந்தது. தாமும் முன்பே குடித்துப் பழகியவர்களுக்குத்தான் சரிவு மிக அதிகம். மாணவிகளிடம் இந்த விளைவு காணப்படவில்லை.

உங்களுக்குப் பழக்கம் இல்லை என்பது உங்களுக்குப் பெரிய காப்பு. ஆயினும் இரவு பதினொன்றுக்குக் கதவு தட்டப்படுவதும், வாந்தி எடுப்பவரைப் பார்த்துக்கொள்வதும், காலையில் அவருக்காக வருகைப்பதிவில் குரல் கொடுப்பதும் உங்கள் நேரத்தையும் எடுக்கின்றன. பருவத் தொடக்கத்திலேயே அறை மாற்றம் கேளுங்கள். காரணத்தை எழுத வேண்டியதில்லை, “படிக்க வசதியில்லை” என்றால் போதும். நண்பர் நினைவில்லாமல் கிடந்தால் அவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108 ஐ அழையுங்கள். வார்டனுக்குப் பயந்து காத்திருக்காதீர்கள்.

“எக்ஸாமுக்கு முந்தின நாள் பயத்துல தூக்கமே வரமாட்டேங்குது. கொஞ்சமா எடுத்துக்கிட்டா என்ன?”

முதல் பதிலில் உறக்கத்தைப் பற்றிச் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். அன்று முழுதும் படித்தது பதிய வேண்டிய இரவே அதுதான். மேலும் ஒருமுறை பயத்துக்கு மருந்தாகக் குடித்தவர் அடுத்த தேர்வுக்கும் அதையே தேடுவார். அப்படித் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

“தமிழ்நாட்டுலதான் 21. காரைக்கால்ல 18 போதுமே. அங்க போயி குடிச்சா தப்பில்லையே?”

நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் திருவாரூருக்கும் நடுவே புதுச்சேரியின் ஒரு துண்டு அமைந்திருப்பதால், இந்தக் கேள்வி நம் பகுதிக்கே உரியது. அங்கே குடிப்பது அந்த ஊர்ச் சட்டத்தின்படி சரியாக இருக்கலாம். ஆபத்து திரும்பி வரும் வழியில் இருக்கிறது. நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்க வண்டி ஓட்டினால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஒரு குவார்ட்டர் குடித்தவர் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுவார். மூன்று பேர் ஒரே வண்டியில், தலைக்கவசம் இல்லாமல், இருட்டில் கடற்கரைச் சாலையில் வருவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

ஊர் நண்பர்களுக்கென்று பாட்டில் வாங்கி வருபவருக்கு வேறொரு சிக்கல் உண்டு. அனுமதியின்றி எல்லை கடத்திக் கொண்டுவருவது 1937 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வண்டியையும் பறிமுதல் செய்வார்கள். நம் மாணவர்களில் பலர் காவல் துறைப் பணிக்கும் பிற சீருடைப் பணிகளுக்கும் ஆசைப்படுபவர்கள். அங்கே நன்னடத்தைச் சரிபார்ப்பு உண்டு. பழைய வழக்கு அதில் தடையாகும், மறைத்தால் அதைவிடப் பெரிய தடையாகும். இதை முன்கூட்டியே யாரும் எடுத்துச் சொல்லாததால் மூன்றாண்டுப் பயிற்சியை ஒரே மாலையில் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

“அப்பா தினமும் குடிச்சிட்டு வந்து சண்டை போடுறார். என்னால எப்படி ஐயா படிக்க முடியும்? எனக்கும் அந்தப் பழக்கம் வந்துடுமா?” (இரண்டாமாண்டு மாணவி ஒருவர்)

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இதுதான். ஒரு துளிகூடக் குடிக்காமலே மதுவால் படிப்பை இழக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் ஏராளம். மாலை ஆறு முதல் பத்து வரை வீடு உங்களுடையதாக இராது என்றால், படிப்பை விடியற்காலைக்கும் கல்லூரி நூலகத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். அரசு நல விடுதிகளில் இடம் கேட்டு விண்ணப்பியுங்கள். அடிதடி நடக்குமானால் பெண்களுக்கான உதவி எண் 181 ஐ அழைக்கலாம். வீட்டு மானம் போகும் என்று எண்ணி உங்களை நீங்களே ஆபத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

குடிநோய்க்கு ஆளாவதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ பாதி என்று ஆய்வுகள் கூறுகின்றன. மறுபாதி சூழலும் பழக்கமும். குடிநோயாளியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிநோயாளிகள் ஆவதில்லை. ஆனால் உங்கள் தம்பிக்கு இதைச் சொல்லிவையுங்கள். மற்றவனுக்கு விளையாட்டாக முடியும் ஒரு கட்டிங் அவனுக்கு அவ்வாறு முடியாமல் போகலாம்.

“நான் அடிமை ஆயிட்டேனா இல்லையான்னு எப்படி சார் தெரிஞ்சுக்கிறது? நினைச்சா விட்டுடுவேன்.”

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதன் பெயர் ஆடிட். மொத்தம் 40 மதிப்பெண். எட்டும் அதற்கு மேலும் வந்தால் ஆபத்தான குடி என்று பொருள். எந்த மனநல மருத்துவரும் அதைக் கேட்டு மதிப்பிட ஐந்து நிமிடம் போதும். அதுவரை உங்களையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் தருகிறேன். நிறுத்த நினைத்த அளவில் நிறுத்த முடிகிறதா? முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போகிறதா? காலையில் கை நடுங்குகிறதா, நடுக்கம் தீரக் கொஞ்சம் குடிக்கத் தோன்றுகிறதா? மூன்றாவதற்கு ஆம் என்றால் இன்றே மருத்துவரிடம் போக வேண்டும், நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிதல், கடும் நடுக்கம் என உயிருக்கே ஆபத்தாகலாம்.

திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கட்டணமின்றிப் பார்ப்பார்கள். பேசினால் போதும் என்றிருப்பவர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

“சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்குற மருந்து இருக்குதாமே. எம் மவனுக்குக் குடுக்கலாமுங்களா?”

வேண்டாம் அம்மா. அப்படி விற்கப்படுபவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், அதைத் தின்றது தெரியாமல் உங்கள் மகன் குடிக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும். மருத்துவர்கள் அந்த மருந்தைத் தருவதுண்டு. நோயாளியின் ஒப்புதலோடு, எல்லாம் விளக்கிய பிறகுதான் தருவார்கள். கோயிலில் கயிறு கட்டி விரதம் இருக்க அவன் விரும்பினால் தடுக்காதீர்கள். பல பிள்ளைகளுக்கு அந்த நாற்பத்தெட்டு நாள் நல்ல தொடக்கமாக அமைந்ததைக் கண்டிருக்கிறேன். கயிறு அவிழ்க்கும் நாளுக்கு முன்பே மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

“விடுதியில் குடித்துப் பிடிபட்ட மாணவனுக்கு டிசி கொடுத்தால்தானே மற்றவர்கள் பயப்படுவார்கள்?” (விடுதிக் குழுக் கூட்டத்தில் கேட்கப்பட்டது)

நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணினேன். காப்பாளரான முதல் ஆண்டில், முதல் முறை பிடிபட்ட ஒரு மாணவனைப் பெட்டியோடு வெளியேற்றும் தாளில் கையெழுத்திட்டேன். அவன் வேறு கல்லூரியில் சேரவில்லை. அடுத்த ஆண்டு அறுவடையின்போது அவனை ஒரு கொள்முதல் நிலையத்தில் கண்டேன். தலையில் மூட்டையோடு “வணக்கம் சார்” என்றான். அந்தக் கையெழுத்தை நான் இன்றுவரை சரியென்று எண்ணவில்லை.

பிறரை அடித்தவன், விற்றவன், இளையோரைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தவன் ஆகியோர் வேறு. அவர்களிடம் கண்டிப்பு வேண்டும். தானே குடித்துப் பிடிபட்ட பிள்ளையை விடுதியிலிருந்து சில நாள் விலக்கலாம், பெற்றோரை அழைக்கலாம், ஆனால் வகுப்பிலிருந்து விலக்கக் கூடாது. ஐந்தாம் கேள்வியில் சொன்ன அந்தச் சில விடுப்பு நாட்களை நாமே தண்டனையாகப் பறித்தால், குடி செய்ய முனைந்ததை நாம் முடித்துவைக்கிறோம்.

“ரெண்டு வருஷம் போச்சு, பதினோரு அரியர் இருக்கு. குடியை விட்டு நாலு மாசம் ஆச்சு. இனிமே டிகிரி வாங்க முடியுமா சார்?”

முடியும். நிறுத்திய முதல் சில வாரங்களில் உறக்கம் சரியாக வராது, படித்தது நிற்காது. அதைக் கொண்டு “மூளை போய்விட்டது” என்று முடிவுகட்டிப் பலர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டீர்கள். இடையில் ஒருநாள் தவறினாலும் மறுநாள் முதல் பேருந்தில் கல்லூரிக்கு வந்துவிடுங்கள். ஒருநாள் தவறு ஒருநாளோடு நிற்பது அதனால்தான்.

பதினொன்றையும் ஒரே மூச்சில் எழுத முயலாதீர்கள். அக மதிப்பெண் இருந்து வெளித் தேர்வில் சில மதிப்பெண்ணில் தவறிய தாள்களையும் மொழித் தாள்களையும் தனியே பிரித்து, வரும் பருவத்தில் நான்கை மட்டும் குறிவையுங்கள். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு முன்பே மதிப்பெண் பட்டியல்களை எடுத்துக்கொண்டு பாட ஆசிரியர்களைப் பாருங்கள். பழைய பாடத்திட்டத் தாள்களுக்கு எந்தப் பருவம் வரை தேர்வு நடக்கும் என்பதைத் தேர்வுப் பிரிவில் அன்றே கேட்டுவிடுங்கள், அந்த நான்கில் அவைதான் முதலில் வர வேண்டும்.